பழைய லென்ஸ், புதிய கேமரா, நடுவில் ஒரு வளையம்

சோவியத் ஒன்றியத்தில் ஜெனித் கேமராக்களோடு சேர்ந்து லட்சக்கணக்கில் வெளிவந்த லென்ஸ் ஹீலியோஸ் 44-2. ஃபோகல் லெங்த் 58 மி.மீ., முழுத்திறப்பு எஃப்/2. உடம்பு முழுக்க உலோகம். உள்ளே நான்கு தொகுதிகளாக அமைந்த ஆறு கண்ணாடிகளும், திறந்து மூடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எட்டு இதழ் அப்பர்ச்சரும். மோட்டார் கிடையாது, சிப் கிடையாது, கேமராவோடு பேச ஒரு மின்முனைகூடக் கிடையாது. அந்த லென்ஸை நேற்று கடையில் வாங்கிய சோனி, ஃபியூஜி, நிக்கான் மிரர்லெஸ் (உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத) கேமரா எதிலும் மாட்டிப் படம் எடுக்கலாம். நடுவில் ஒரு உலோக வளையம் இருந்தால் போதும். அந்த வளையத்துக்குத்தான் அடாப்டர் என்று பெயர்.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் எந்தக் கேமராவுக்குப் பொருந்தும் என்றுதான். அதற்குப் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு லென்ஸ் கைக்கு வந்ததும் மறுபடி யாரையாவது தேடிப் போக வேண்டியிருக்கும். ஒரே ஒரு தூரத்தை மட்டும் புரிந்துகொண்டால் யாரையும் கேட்க வேண்டாம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எல்லாம் ஒரு தூரக் கணக்கு

லென்ஸ் தன் முன்னால் இருக்கும் காட்சியைத் தனக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் தெளிவாக விழவைக்கும். அந்த இடத்தில் ஃபிலிம் இருக்க வேண்டும், அல்லது சென்சார் இருக்க வேண்டும். ஆகவே கேமரா செய்பவர்கள் முதலிலேயே ஓர் அளவை முடிவு செய்துவிடுவார்கள்: லென்ஸ் வந்து உட்காரும் உலோக முகப்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே இத்தனை மில்லிமீட்டர் என்று. இதை ஃப்ளேன்ஜ் தூரம் என்பார்கள். லென்ஸைக் கேமராவில் பிடித்துவைக்கும் அமைப்புக்கு மவுண்ட் என்று பெயர்; ஒரு மவுண்டுக்காகச் செய்யும் லென்ஸ் எல்லாம் அந்தத் தூரத்தை நம்பித்தான் செய்யப்படுகின்றன.

ஹீலியோஸ் 44-2 எம்42 என்ற மவுண்டைச் சேர்ந்தது. 42 மி.மீ. விட்டமுள்ள மரை, லென்ஸைத் திருகி மாட்ட வேண்டும். 1949-இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு புழக்கத்துக்கு வந்து, பிறகு பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனித் என்று பல நாட்டுக் கேமராக்கள் ஏற்றுக்கொண்ட மவுண்ட் இது. இதன் ஃப்ளேன்ஜ் தூரம் 45.46 மி.மீ. நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5. ஒலிம்பஸ் ஓஎம் 46. மினோல்டா 43.5. கேனன் எஃப்டி 42.

இவை எல்லாம் நாற்பதைத் தாண்டி நிற்பதற்குக் காரணம் மிரர் என்ற முகம் பார்க்கும் கண்ணாடி. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று வெளிச்சத்தை வியூஃபைண்டருக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தும்போது மேலே எழும்பி வழிவிடும். அது எழும்பி இறங்க இடம் வேண்டும் அல்லவா? டிஜிட்டல் எஸ்எல்ஆர் (டிஎஸ்எல்ஆர்) வந்த பிறகும் அந்தக் கண்ணாடி போகவில்லை.

2008-இல் பானசோனிக் ஜி1 அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டது. 2010-இல் சோனியின் நெக்ஸ் வரிசை வந்தது. 2013-இல் அதே சோனி ஏ7 மூலம் ஃபுல் ஃப்ரேம் சென்சாரோடு, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவிலேயே உள்ள சென்சாரோடு, மிரர்லெஸ் கேமராவைக் கொண்டுவந்தது. கண்ணாடி போனதும் லென்ஸும் சென்சாரும் நெருங்கிவிட்டன. சோனி இ மவுண்டின் ஃப்ளேன்ஜ் தூரம் 18 மி.மீ.தான். ஃபியூஜி எக்ஸ் 17.7, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16.

இப்போது கழித்துப் பாருங்கள். ஹீலியோஸுக்குத் தேவை 45.46. சோனியில் இருப்பது 18. வித்தியாசம் 27.46 மி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு வெற்று உலோகக் குழாய் செய்து, ஒரு முனையில் எம்42 மரையும் மறுமுனையில் சோனியின் பிடிப்பும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே காற்று மட்டும்தான். கண்ணாடி எதுவும் இல்லாததால் லென்ஸ் தரும் படத்தில் அது எதையும் கூட்டாது, குறைக்காது. இந்த அடாப்டர்கள் மலிவாக இருப்பதும் இதனால்தான்.

கழித்தல் எதிர்மறையாக வந்தால்? நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் அதே ஹீலியோஸை மாட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் தூரம் 46.5, லென்ஸுக்கு வேண்டியது 45.46. லென்ஸ் கேமராவுக்குள் ஒரு மில்லிமீட்டர் புதைந்து உட்கார்ந்தால்தான் தொலைவில் உள்ளது தெளியும். புதையாமல் முகப்பிலேயே உட்கார்ந்தால், அடாப்டரின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமலேயே, ஏறக்குறைய 3 மீட்டருக்கு அப்பால் எதற்கும் ஃபோகஸ் கிடைக்காது. இதற்காகவே உள்ளே ஒரு சிறு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கிறார்கள். என் பரிந்துரை, அவற்றை வாங்க வேண்டாம் என்பதே. நல்ல லென்ஸின் பின்னால் மலிவான ஒரு கண்ணாடியைச் சேர்த்துப் படத்தைக் கெடுத்துக்கொள்வதில் என்ன லாபம்?

கேனன் டிஎஸ்எல்ஆரின் கதை வேறு. அதன் இஎஃப் மவுண்ட் 44 மி.மீ. எம்42-க்கு 1.46 மி.மீ. மிச்சம் இருக்கிறது, மெல்லிய ஒரு வளையம் அதில் அடங்கிவிடும். மிரர்லெஸ் வருவதற்கு முன்பே எம்42 பிரியர்கள் கேனன் பக்கம் போனதற்கு இதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், கேனனின் சொந்த எஃப்டி லென்ஸ்களுக்கு அங்கே இடமில்லை. 1987-இல் கேனன் இஓஎஸ் வரிசைக்கு மாறியபோது 42 மி.மீ. தூரத்துக்குச் செய்த எஃப்டி லென்ஸ்கள் 44 மி.மீ. கேமராக்களில் தொலைவு ஃபோகஸ் இல்லாமல் அநாதையாகிவிட்டன. வெகுகாலம் அவை மலிவாகக் கிடைத்தன. மிரர்லெஸ் வந்த பிறகு 42-இல் 18 போக 24 மி.மீ. தாராளமாக மிஞ்சியது, அந்த அருமையான லென்ஸ்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு

அடாப்டரின் தடிமன் துல்லியமாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். எவ்வளவு துல்லியம் என்பதை எண்ணாகப் பார்த்தால் மனத்தில் நிற்கும். ஹீலியோஸ் போன்ற 58 மி.மீ. லென்ஸுக்கான அடாப்டர் வெறும் 0.1 மி.மீ. கூடுதல் தடிமனாக இருந்தால், சுமார் 33 மீட்டருக்கு அப்பால் உள்ளவற்றில் கூர்மையான ஃபோகஸ் கிடைக்காது. அதே பிழை 28 மி.மீ. லென்ஸில் இருந்தால் அந்த எல்லை 8 மீட்டருக்குள் வந்துவிடும். அதாவது தெருவின் எதிர்ப்பக்க வீடே தெளியாது. அகலக் கோண லென்ஸுக்குத்தான் நல்ல அடாப்டர் அதிகம் தேவை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கூடினால் தொலைவு போய்விடும் என்பதால் மலிவு அடாப்டர் செய்பவர்கள் பலரும் அளவைக் கொஞ்சம் குறைத்தே செய்கிறார்கள். இதனால் தொலைவு ஃபோகஸ் நிச்சயம் கிடைக்கும். ஆனால் வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் அது இன்ஃபினிட்டியை, அதாவது கடைசித் தொலைவை, தாண்டிப் போய் மறுபடி மங்கும். நிலாவையோ நட்சத்திரங்களையோ எடுக்கும்போது வளையத்தை முட்டும்வரை திருப்பிவிட்டு அதுவே சரியென்று நம்பிவிடாதீர்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து நிறுத்துங்கள். லென்ஸில் பொறித்திருக்கும் மீட்டர் எண்களும் அப்போது சற்றுத் தள்ளித்தான் காட்டும்.

அடாப்டர் வாங்கும்போது இன்னும் இரண்டைக் கவனிக்கலாம். உட்சுவர் பளபளக்கக் கூடாது. அங்கே பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் படம் முழுக்க ஒரு வெளிறலைப் பரப்பும். பலர் இதை லென்ஸின் குறையென்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். மின்னினால் உள்ளே மேட் கறுப்புத் தாள் ஒட்டினால் சரியாகிவிடும். அடுத்தது, மாட்டிய பிறகு ஆட்டம் இருக்கக் கூடாது. எம்42 அடாப்டரில் திருகி முடிக்கும்போது லென்ஸின் எண்கள் மேல்பக்கம் வராமல் பக்கவாட்டில் போய் நிற்கலாம். பல அடாப்டர்களின் விளிம்பில் இருக்கும் மிகச் சிறிய திருகுகளைத் தளர்த்தி, உள்வளையத்தைத் திருப்பி, மறுபடி இறுக்கினால் எண்கள் மேலே வந்துவிடும்.

பெயர்களில் மயக்கம் தரும் இடங்களும் உண்டு. டி2 என்றொரு மரை 42 மி.மீ. விட்டத்திலேயே வரும், ஆனால் எம்42-இன் மரை இடைவெளி 1 மி.மீ., டி2-வுக்கு 0.75. பாதி திருகியதும் இறுகிவிடும். பலம் கொடுத்தால் மரை பாழ். இன்னொன்று எம்39. லைக்கா வகை எம்39 லென்ஸின் தூரம் 28.8 மி.மீ.; பழைய ஜெனித் கேமராக்களுக்கான எம்39 லென்ஸ் அதைவிட மிகத் தள்ளி உட்கார வேண்டியது. இரண்டும் ஒரே மரையில் திருகும், ஆனால் ஒன்றின் அடாப்டரில் மற்றொன்று வேலை செய்யாது. விற்பவர் “எம்39” என்று மட்டும் சொன்னால் எந்தக் கேமராவுக்கானது என்று கேளுங்கள்.

கைக்கு வரும் இரண்டு வேலைகள்

அடாப்டர் மாட்டியதும் கேமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியாது. அதனால் ஃபோகஸும் அப்பர்ச்சரும் உங்கள் விரல்களுக்கு வந்துவிடுகின்றன. ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் கேமராவிடமே இருக்கும்.

கேமரா திடுமென “லென்ஸ் இல்லை” என்று சொல்லிப் படம் எடுக்க மறுக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்க அனுமதிக்கும் ஓர் அமைப்பு இருக்கும்; சோனி, ஃபியூஜி, கேனன் எல்லாவற்றிலும் உண்டு, பெயர்தான் கொஞ்சம் மாறும். அதை இயக்கிவிட்டு, மோடை ஏ அல்லது ஏவி-யில் வையுங்கள். லென்ஸ் வழியாக எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அதை அளந்து கேமரா ஷட்டர் வேகத்தைத் தானே தீர்மானிக்கும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவதானால் மிகக் குறைந்த ஷட்டர் வேகம் 1/125 என்று நீங்களே குறித்துவிடுவது நல்லது. லென்ஸின் ஃபோகல் லெங்த் தெரியாத கேமரா மெதுவான வேகத்தைத் தேர்ந்து படத்தை ஆட்டிவிடக்கூடும்.

கேமராவின் உள்ளேயே ஆட்டத்தைத் தணிக்கும் வசதி இருந்தால், மெனுவில் லென்ஸின் ஃபோகல் லெங்த்தைக் கையால் கொடுக்க வேண்டும். ஹீலியோஸ் என்றால் 58. அந்த எண் இல்லையென்றால் அருகில் உள்ளது. சென்சார் சிறியது என்பதற்காகப் பெருக்கிக் கொடுக்காதீர்கள், லென்ஸில் பொறித்த எண்ணையே கொடுங்கள். 1970-களின் லென்ஸ் ஒன்றுக்கு ஆட்டம் தணிக்கும் வசதி கிடைப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. அதைச் செய்தவர்கள் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அப்பர்ச்சருக்கு வருவோம். பழைய எஸ்எல்ஆரில் ஃபோகஸ் செய்யும்போது அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும், வியூஃபைண்டர் இருட்டாமல் இருப்பதற்காக. பொத்தானை அழுத்தும் நொடியில் கேமராவின் ஒரு நெம்புகோல் லென்ஸின் பின்னால் உள்ள முள்ளைத் தள்ளி, நீங்கள் தேர்ந்த அளவுக்கு மூடும். அடாப்டரில் அந்த நெம்புகோல் இல்லை. ஆகவே எம்42 லென்ஸ் சிலவற்றில் வளையத்தை எஃப்/8-க்குத் திருப்பினாலும் இதழ்கள் அசையாமல் திறந்தே நிற்கும். லென்ஸின் பக்கத்தில் ஏ, எம் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் எம்-இல் வையுங்கள். சுவிட்ச் இல்லையென்றால் அந்த முள்ளை நிரந்தரமாக அழுத்திவைக்கும் விளிம்பு கொண்ட அடாப்டரை வாங்க வேண்டும். ஹீலியோஸிலேயே பின்னால் வந்த 44எம்-4 போன்றவை இந்த வகை. கேனன் எஃப்டிக்கான அடாப்டரில் இதே வேலைக்கு ஒரு தனி வளையம் இருக்கும்.

44-2-இல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஏனென்றால் அது ஆட்டோமேட்டிக் காலத்துக்கு முந்தைய முறை. அதில் இரண்டு அப்பர்ச்சர் வளையங்கள். முதல் வளையத்தில் எஃப்/5.6 என்று எல்லையை வைக்கிறீர்கள். இரண்டாவது வளையம் தடையின்றிச் சுழலும்: ஒரு பக்கம் திருப்பினால் முழுத்திறப்பு, மறுபக்கம் திருப்பினால் நீங்கள் வைத்த 5.6-இல் போய் நிற்கும். திறந்துவைத்து ஃபோகஸ் செய்யுங்கள், கண்ணை எடுக்காமல் மூடுங்கள், எடுங்கள். இரண்டு நாளில் விரலுக்குப் பழகிவிடும். வீடியோ எடுப்பவர்களுக்கு இந்த வளையம் இன்னும் பிடிக்கும்; சொடுக்குச் சத்தம் இல்லாமல் வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கலாம்.

இங்கே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: லென்ஸின் மேலேயே அப்பர்ச்சர் வளையம் இருக்க வேண்டும். வளையமே இல்லாத பிற்கால ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் சாதாரண அடாப்டரில் கட்டுப்பாடில்லாமல் போய்விடும்.

ஃபோகஸ்தான் உண்மையில் பழக வேண்டிய கலை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

எஃப்/2-இல், 1 மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை ஹீலியோஸால் எடுத்தால், ஃபுல் ஃப்ரேமில் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. கண் தெளிந்தால் காது தெளியாது. இதை ஃபிலிம் காலத்தில் மங்கலான வியூஃபைண்டரில் பார்த்துச் சாதித்தார்கள். நமக்குக் கேமரா இரண்டு உதவிகள் தருகிறது. ஒன்று ஃபோகஸ் பீக்கிங்: தெளிவாக இருக்கும் விளிம்புகளைச் சிவப்பிலோ மஞ்சளிலோ மின்னவைத்துக் காட்டும். மற்றொன்று பெரிதாக்கல்: ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணிமை மட்டும் திரை முழுக்கத் தெரியும்.

பீக்கிங்கை முழுக்க நம்பாதீர்கள். எஃப்/2, எஃப்/1.4 போன்ற அகலத் திறப்புகளில் கண், புருவம், மூக்கு நுனி என்று எல்லாவற்றையும் வண்ணம் பூசிக் காட்டிவிட்டு, படத்தில் மூக்கு மட்டும் தெளிந்திருக்கும். ஏறக்குறைய இங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் அது. முடிவு செய்யப் பெரிதாக்கல்தான். அந்த வசதியைக் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு பொத்தானில் வைத்துவிடுங்கள். மெனுவைத் தேடும் நேரத்தில் சிரிப்பு போய்விடும்.

பழைய வளையத்தின் சுகம் இங்கேதான் தெரியும். இன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ் பலவற்றில் வளையம் ஒரு மின் சைகையை அனுப்புவதோடு சரி. கண்ணாடியை நகர்த்துவது மோட்டார். பழைய லென்ஸில் நீங்கள் திருப்பும்போதே கண்ணாடி ஒரு நீண்ட மரையில் ஏறி இறங்குகிறது. மிக அருகிலிருந்து தொலைவுவரை போக வளையத்தை அரைவட்டமோ அதற்கு மேலோ திருப்ப வேண்டியிருக்கும். அதனால் ஒரு இமைமுடி அளவுக்குக்கூட நகர்த்தி நிறுத்தலாம். ஃபோகஸ் கிடைத்த பிறகு ஆள் அசைந்தால் வளையத்தைத் தொடாமல் உங்கள் உடம்பை லேசாக முன்னும் பின்னும் சாய்த்துச் சரிசெய்வது இன்னும் விரைவு.

ஓடி விளையாடும் பிள்ளைகளை எடுக்க இவையெல்லாம் ஒத்துவராது என்று நினைப்பீர்கள். அகலக் கோண லென்ஸ் இருந்தால் ஃபோகஸே செய்யாமல் எடுக்கலாம். 28 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து, ஃபோகஸை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஃபுல் ஃப்ரேமில் ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம்வரை எல்லாம் போதிய தெளிவோடு இருக்கும். லென்ஸின் மேலே அப்பர்ச்சர் எண்கள் இருபக்கமும் எதிரெதிரே பொறித்திருப்பது இந்தக் கணக்கைப் பார்வையிலேயே சொல்வதற்குத்தான். தெருவில் எடுப்பவர்கள் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் எடுக்கிறார்கள். அடாப்டரின் அளவு சரியாக இருந்தால் மட்டுமே அந்த எண்களை நம்பலாம் என்பதை முன்பே பார்த்தோம்.

படம் எப்படி வரும்

ஹீலியோஸின் வடிவம் சோவியத்தில் பிறந்ததல்ல. 1930-களில் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் செய்த பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2 லென்ஸ்தான் அதன் மூலம். போருக்குப் பின் மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் அந்த வடிவம் மறுபிறவி எடுத்தது. பிறகு வேறு ஆலைகளும் அதைச் செய்தன. இலைகள் நிறைந்த மரத்தைப் பின்னணியாக வைத்து முழுத்திறப்பில் ஒருவரை எடுத்தால், பின்னாலுள்ள ஒளிப்பொட்டுகள் அவரைச் சுற்றிச் சுழல்வதாகத் தெரியும். இதற்காகவே உலகெங்கும் இந்த லென்ஸைத் தேடுகிறார்கள்.

சுழற்சி வருவதற்குக் காரணம் உண்டு. படத்தின் நடுவில் அப்பர்ச்சர் முழு வட்டமாகத் தெரிகிறது. ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் முன்விளிம்பும் பின்விளிம்பும் கொஞ்சம் வெட்டிவிடுகின்றன. அதனால் ஓரத்து ஒளிப்பொட்டுகள் வட்டமாக இல்லாமல் கண்வடிவில் ஒடுங்கி, நடுவைச் சுற்றி வரிசையாக அமைகின்றன. எஃப்/4-க்கு மூடினால் சுழற்சி பெரும்பாலும் அடங்கிவிடும். இங்கேதான் சென்சாரின் அளவும் முக்கியமாகிறது. ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தை விட்டுவிடுகிறது. சுழற்சி இருப்பதே ஓரத்தில்தான். ஏபிஎஸ்-சி கேமரா வாங்கிய பலர் தங்கள் ஹீலியோஸ் சுழலவில்லையே என்று குறைப்படுவது இதனால்தான். லென்ஸ் போலி அல்ல.

அதே காரணத்தால் கோணமும் குறுகும். 1.5 மடங்கு வெட்டும் சென்சாரில் 58 மி.மீ. லென்ஸ் 87 மி.மீ. பார்க்கும் கோணத்தைத்தான் பார்க்கும்; அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 116. முகப்படத்துக்கு நல்லது, சிறிய அறைக்குள் கஷ்டம். ஸ்பீட் பூஸ்டர் என்று அழைக்கப்படும் ஒரு தனிவகை அடாப்டர் உண்டு. உள்ளே கண்ணாடி இருந்தாலும் முன்னே நான் வேண்டாம் என்று சொன்ன வகையல்ல அது. படத்தைச் சுருக்கிச் சிறிய சென்சாருக்குள் விழவைக்கும், 0.71 மடங்கு வகையில் கோணம் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதோடு வெளிச்சமும் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூடும். நல்லது விலை அதிகம். முதல் வாங்கலில் அதை யோசிக்க வேண்டாம்.

பழைய லென்ஸ்களில் தெறிப்பைக் குறைக்கக் கண்ணாடிமேல் பூசும் கோட்டிங் எளிமையானது. சூரியன் எதிரே வந்தால் கறுப்பு சாம்பலாகும், வளையங்கள் மிதக்கும். சிலருக்கு அதுவே அழகு. வேண்டாதவர்கள் ஒரு ஹூட் மாட்டினால் பெருமளவு சரியாகிவிடும். 44-2-க்கு 49 மி.மீ. ஃபில்டர் மரை, எளிதில் கிடைக்கும். முழுத்திறப்பில் இந்த லென்ஸ்கள் சற்று மென்மையாகவும் எஃப்/5.6, எஃப்/8-இல் வியக்கவைக்கும் கூர்மையோடும் இருப்பது பொதுவான குணம். மிரர் இல்லாத பழைய வகையான ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் அகலக் கோண லென்ஸ்கள் மட்டும் டிஜிட்டலில் ஓரங்களில் குழம்பக்கூடும். அவை ஃபிலிமுக்கு மிக நெருங்கி உட்கார்ந்தவை, சாய்வாக வரும் அவற்றின் ஒளியைச் சென்சாரின் மேலுள்ள கண்ணாடிப் படலம் சிதறவைக்கிறது. எஸ்எல்ஆர் லென்ஸ்களில் இந்தத் தொல்லை குறைவு.

வாங்கும்போது டார்ச் எடுத்துப் போங்கள்

நம் ஊரில் பழைய லென்ஸின் முதல் எதிரி ஈரக்காற்று. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று கடலோரத்தில் எங்கும் தோல் உறைக்குள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். வேர்போல் கிளைத்த மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் துளி இருந்தால் படத்தில் தெரியாது, ஆனால் பரவும். வெகுநாள் இருந்தால் கோட்டிங்கை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. கண்ணாடி முழுக்கப் புகை படிந்ததுபோல் இருந்தால் எண்ணெய் ஆவி. பல லென்ஸ்களில் சுத்தம் செய்தால் போய்விடும். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால் பசை விட்டுவிட்டது என்று பொருள்; அதை வாங்காதீர்கள். உள்ளே நாலைந்து தூசு இருப்பதும் முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருப்பதும் படத்தைக் கெடுக்காது. அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கலாம்.

பிறகு வளையங்களைத் திருப்பிப் பாருங்கள். ஃபோகஸ் வளையம் கல்லாக இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. பிரித்துப் புது கிரீஸ் போட ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருப்பது எஸ்எல்ஆரில் பெரிய குறை, ஏனென்றால் அங்கே இதழ் நொடியில் மூட வேண்டும். அடாப்டரில் நாம் கையால்தான் மூடுகிறோம், அதனால் கொஞ்சம் மெதுவாக மூடினாலும் சமாளிக்கலாம். பல சோவியத் லென்ஸ்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் காட்டும்: 78 என்று தொடங்கினால் 1978.

பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சில லென்ஸ்கள் தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருக்கும். அவற்றின் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதுதான் காரணம். ஆம், கதிரியக்கம் உண்டு; மிகக் குறைவு, கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியை உடைத்துப் பொடியாக்காமல், கண்ணோடு ஒட்டிவைத்து உருப்பெருக்கியாகப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும். மஞ்சள் நிறம் புற ஊதா ஒளியில் தெளியும். சில வாரம் வெயிலில் வைப்பார்கள், அல்லது புற ஊதா எல்இடி விளக்கின் கீழ். வெயிலில் வைத்தால் அருகில் துணியோ தாளோ மரமோ இருக்கவே கூடாது. லென்ஸ் சூரியனைக் குவித்துத் தீ வைத்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு மீட்டர். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் பூஞ்சை வளராது. கேமராவில் மாட்டும் முன் பின்மரையை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்; பழைய மரையிலிருந்து உதிரும் உலோகத் துகள் சென்சாரில் விழுந்தால் எடுப்பது சிரமம். உள்ளே தள்ளி மடக்கும் வகையில் செய்த பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் ஏதாவது கிடைத்தால் அதைக் கேமராவில் மாட்டிய நிலையில் மடக்கவே கூடாது, பின்குழாய் உள்ளே போய் இடிக்கலாம். கனமான டெலி லென்ஸ் என்றால் கேமராவைப் பிடித்துத் தூக்காமல் லென்ஸைப் பிடித்துத் தூக்குங்கள். பாரம் முழுவதும் அடாப்டரின் சின்னத் திருகுகளில்தான் நிற்கிறது.

முதல் லென்ஸாக எதை வாங்கலாம் என்று கேட்டால், 50 மி.மீ. அருகில் உள்ள ஏதாவது ஒன்று என்பேன். ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமராக்களோடு பெட்டியிலேயே வந்தவை அவை. கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் விலை இன்னும் கட்டுக்குள் இருக்கிறது, தரமோ இன்றும் குறைவில்லை. பென்டாக்ஸ் 50 மி.மீ. எஃப்/1.7, மினோல்டா எம்டி 50 மி.மீ. எஃப்/1.7, கேனன் எஃப்டி 50 மி.மீ. எஃப்/1.8, நிக்கான் சீரிஸ் இ 50 மி.மீ. எஃப்/1.8 என்று எது சுத்தமான கண்ணாடியோடு கைக்கு வருகிறதோ அது. வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் பழைய ஸ்டுடியோ நடத்தியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, யாஷிகா எல்லாம் வைத்துக் கல்யாணம் எடுத்தவர்கள் அவர்கள். அலமாரியில் கேமரா ஓடாமல் கிடக்கலாம். அதன் முன்னால் இருக்கும் லென்ஸ் ஓடும். மவுண்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, தூரத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு, அடாப்டருக்குச் சொல்லுங்கள்.